போன மாதம் பார்த்த படங்கள்: நல்லதோ மொக்கையோ, மனதில் பட்டதைச் சொல்லுங்கள்

வெட்டாறு
கால் எலும்பில் விரிசல், மூன்று வாரம் கட்டு. வேலைக்குப் போக முடியாது, மாடிப்படி இறங்க முடியாது. சரி, தவறவிட்ட படங்களையாவது பார்ப்போம் என்று அப்பாவோடு உட்கார்ந்துவிட்டேன். கொட்டுக்காளி, லப்பர் பந்து, மெய்யழகன். மூன்றுமே 2024இல் ஐந்தாறு வாரத்துக்குள் வந்தவை. அப்போது வேலை நெருக்கடியில் ஒன்றுக்கும் போகவில்லை.

முதலில் மெய்யழகன். எங்கள் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம் என்பதால் நான் நடுநிலையாகப் பேசமாட்டேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து, 1996இல் ஒரு குடும்பம் ராத்திரியில் ஊரைவிட்டுக் கிளம்புகிறதல்லவா, அந்த இடத்தில் அப்பா எழுந்து "மோட்டரை நிறுத்தினேனான்னு பார்த்துட்டு வரேன்" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு மோட்டரே போடவில்லை. எங்கள் வீடும் பங்காளித் தகராறில்தான் போனது. பத்து நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தார், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மணமேடையில் தங்கை காலில் அரவிந்த் சுவாமி கொலுசு போட்டுவிடுகிற காட்சியில் எனக்கே தொண்டை அடைத்தது. ஆனால் கார்த்தி பாத்திரத்தின்மேல் ஒரு புகார் உண்டு. இவ்வளவு நல்லவனை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டால், எப்போது கடன் கேட்பானோ என்றுதான் பயம் வரும். ராத்திரிப் பேச்சும் கொஞ்சம் நீளம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

டீக்கடைராசு
மெய்யழகனை நான் 1.5 வேகத்தில் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. எனக்கு நீளமே தெரியவில்லை.

கடைசிவரிசை
//1.5 வேகத்தில் பார்த்தேன்//

ராசு அண்ணே, கல்யாண விருந்துக்குப் போய் இலையில் இருந்ததை எல்லாம் மிக்சியில் அடித்துக் குடித்துவிட்டு "சாப்பாடு பிரமாதம்" என்றால் சமையல்காரர் என்ன செய்வார்?

வெட்டாறு, நீளம் பற்றி. நான் இந்தப் படத்தைத் தியேட்டரில் இரண்டு தடவை பார்த்தவன். வந்த முதல் நாள் கிட்டத்தட்ட மூன்று மணிநேரம் ஓடியது. அடுத்த வாரம் வீட்டாரைக் கூட்டிப் போனபோது சுமார் 18 நிமிடத்தை வெட்டியிருந்தார்கள். படம் நீளம் என்று கிளம்பிய பேச்சுதான் காரணம். வெட்டிய பிறகு வேகம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முதல் நாள் படம்தான் பிடித்தது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அரவிந்த் சுவாமி கல்யாணத்துக்குத் தலைகாட்டிவிட்டு அன்றைக்கே ஓடிவிட நினைக்கிறவர். பஸ் போய்விடுகிறது. பெயர்கூட ஞாபகமில்லாத ஒருவன் வீட்டில், அதைக் கேட்கவும் வெட்கப்பட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க மாட்டிக்கொள்கிறார். பார்க்கிற நமக்கும் கொஞ்சம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தால்தானே விடிகாலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறும்போது அந்தக் குற்ற உணர்ச்சி நமக்கும் வரும்? ராத்திரியைச் சுருக்கினால் அவருக்கு இவன்மேல் பாசம் வந்ததே சீக்கிரமாகத் தெரிகிறது.

இன்னொன்று. இயக்குநர் பிரேம் குமாருடைய முந்தைய படம் 96. அதிலும் ஒரே ராத்திரிப் பேச்சு, அதிலும் தஞ்சாவூர், அதிலும் 1996. மனுஷனை அந்த வருஷம் விடாது போலிருக்கிறது.

மதுரைக்காரி
வெட்டியது சரிதான் என்பது என் கட்சி. இரண்டு ஆண்கள் பீர் குடித்துக்கொண்டு பேசுவதை மூன்று மணிநேரம் கேட்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. நம் வீட்டு விசேஷங்களில் மொட்டை மாடியில் நடப்பதுதானே, அங்கே தட்டு எடுத்துப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீதிவ்யாவும் தேவதர்ஷினியும் வருகிற இடங்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன! அவர்களுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் நான் ஒரு நொடியையும் வெட்டச் சொல்லமாட்டேன்.

எனக்கு லப்பர் பந்துதான். அதுவும் கிரிக்கெட்டே கதியென்று கிடக்கிற கெத்துவுக்காக (தினேஷ்) இல்லை, அவன் மனைவி யசோதைக்காக (சுவாசிகா). ஆட்டம் நடக்கிற மைதானத்திலேயே டிராக்டரை ஓட்டுகிறாளே, தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா கை தட்டிவிட்டு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

என் அக்கா புருஷனுக்கு 43 வயது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆறு மணிக்குக் கிட் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நுழைவுக் கட்டணம் அவர் பாக்கெட்டிலிருந்து, பெட்ரோல் அவருடையது, பொடிப் பயல்களுக்குப் பரோட்டாவும் அவர் செலவு. ஜெயித்தால் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அக்கா வீட்டு ஷோகேஸில் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்கை உள்ளே தள்ளிவிட்டு அந்தக் கோப்பைகள் முன்னால் நிற்கின்றன. படம் பார்த்து முடித்ததும் மாமா கண் கலங்கி, "தினேஷ் என்னமா வாழ்ந்திருக்கான்" என்றார். அக்கா "சுவாசிகாவும்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டீக்கடைராசு
லப்பர் பந்தை நானும் சாதாரண வேகத்தில்தான் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள். தினேஷ் மட்டையோடு இறங்கும்போது "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஒலிக்கிறது, அதை எப்படி வேகமாக ஓட்டுவது? அது விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் பாட்டு, 1989. எங்கள் கடையில் கேப்டன் படம் மாட்டியிருக்கிறது, மாலையும் உண்டு. அதற்குமேல் கேட்காதீர்கள்.

ஆனால் கொட்டுக்காளி! பாட்டு இல்லை, சரி. பின்னணி இசையும் இல்லை. பொறுத்துக்கொண்டேன். கடைசியில் முடிவும் இல்லை. இது என்ன நியாயம்? ஆட்டோவில் ஏறினார்கள், ஆட்டோவை விட்டு இறங்கினார்கள், படம் முடிந்தது. நல்லவேளை சந்தாவில் வந்தது, தனியாகக் காசு கொடுக்கவில்லை.

வெட்டாறு
//ஆட்டோவில் ஏறினார்கள், ஆட்டோவை விட்டு இறங்கினார்கள்//

ஹா ஹா. இயக்குநர் வினோத்ராஜின் முந்தைய படம் கூழாங்கல் பார்த்திருக்கிறீர்களா? ரோட்டர்டாம் விழாவில் 2021இல் டைகர் விருது வாங்கியது. அதில் அப்பனும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பார்கள். இதில் ஆட்டோ வந்துவிட்டது, அவ்வளவு முன்னேற்றம்.

ஆனால் அண்ணே, இதை நான் முதலில் டிவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அரைமணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் பெரிதாகக் கேட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்செட் மாட்டிக்கொண்டு மறுபடி தொடங்கியபோதுதான் விஷயமே பிடிபட்டது. இசை இல்லாததால் ஆட்டோ இன்ஜின்தான் இசை. அது நின்றால் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. சூரிக்குத் தொண்டை கட்டி, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரப்பாகவே பேசுகிறார். அந்தக் குரலில் எவ்வளவு அதட்டினாலும் அதிகாரம் முழுசாக வரவில்லை. அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் அவளைப் பார்த்துத்தான் பயம்.

ஆட்டோவைத் திருப்ப முடியாமல், அவளை உள்ளே உட்கார வைத்தபடியே ஆண்கள் சேர்ந்து தூக்கித் திருப்புகிறார்கள். இறங்கச் சொல்ல ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, பாருங்கள். வேறு சாதிப் பையனை விரும்பியதற்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிப் பேயோட்டக் கூட்டிப் போகிறார்கள், இனி அவள் ஒரு சாமான்தான், தூக்கி வைக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசிவரிசை
கொட்டுக்காளியும் வாழையும் ஒரே நாளில் வந்தன, 2024 ஆகஸ்ட் 23. எங்கள் ஊர்த் தியேட்டரில் வாழைக்குக் கூட்டம். கொட்டுக்காளிக்குக் காலைக் காட்சி மட்டும், மொத்தம் பதினாலு பேர், எண்ணினேன். படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாரோ இருட்டில் "இன்டர்வெல்லா?" என்று கேட்டார். விளக்கைப் போட்டுவிட்டுத் துடைப்பத்தோடு வந்த அம்மாதான், "முடிஞ்சுருச்சுங்க, எந்திரிங்க" என்றார். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் அந்தப் பதினாலு பேரில் ஆறேழு பேர் அரைமணி நேரம் நின்று, பாண்டி (அதுதான் சூரி) என்ன செய்திருப்பான் என்று சண்டை போட்டோம். அதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. முடிவைச் சொல்லியிருந்தால் நேராக வீட்டுக்குப் போயிருப்போம்.

நெறியாளர்
முடிவைப் பற்றி எழுதுகிறவர்கள் பதிவின் தலையில் ஓர் எச்சரிக்கை போடுங்கள். முடிவே இல்லாத படத்துக்கு என்ன எச்சரிக்கை என்று ராசு கேட்பார், தெரியும். அதற்கும் போடுங்கள்.

பொருநை
எச்சரிக்கை: வாழை படத்தின் முடிவு கீழே இருக்கிறது.

எல்லாரும் வாழையைத் தாண்டிப் போகிறீர்களே என்று எழுதுகிறேன். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். பள்ளிக்கூட நாளில் சனி ஞாயிறு என்றால் நானும் தார் சுமந்தவன். ஆகவே இது விமர்சனம் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். வாழைத்தாரில் பாரத்தைவிட மோசம் கறை. வெட்டின தண்டிலிருந்து தண்ணி மாதிரி வடியும், அப்போது ஒன்றும் தெரியாது. காய்ந்தால் கறுத்துப்போகும். எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால் தார் சுமக்கவென்றே ஒரு சட்டை இருக்கும். எங்கள் வகுப்பில் திங்கட்கிழமை யார் வீட்டில் மாற்றுச் சட்டை இல்லை என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு ஒரு வாத்தியார் "என்னல இது, இந்தியா மேப்பு மாதிரி இருக்கு" என்று சொல்லி வகுப்பே சிரித்தது. படத்துப் பையன் சிவனைந்தான் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது படுகிற பாட்டைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சட்டையின் வாடை மூக்கில் அடித்தது.

படத்தில் தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டாக்கிக் கேட்கிறார்கள். வியாபாரி ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்தச் செலவை ஈடுகட்ட, ஆட்கள் திரும்பிவரத் தனி வண்டி கிடையாது, லோடு ஏற்றிய லாரி மேலேயே உட்கார்ந்து வரவேண்டியதுதான் என்றாகிவிடுகிறது. அந்த லாரிதான் கவிழ்கிறது. ஒரு ரூபாய்! நிறையப் பேர் கடைசிக் காட்சியில் அழுததாகச் சொன்னார்கள். நான் அந்த ஒரு ரூபாய்க்குச் சரி என்று சொல்லும் இடத்திலேயே உடைந்துவிட்டேன், கணக்கு எங்கே போய் முடியும் என்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்குத் தெரியும்.

குறையும் உண்டு. கடைசியில் பாட்டும் ஒப்பாரியுமாக இழுத்துவிட்டார் மாரி செல்வராஜ். பையன் பசியோடு வீட்டுக்கு ஓடி வந்து அடுப்படியில் உட்கார்கிறானே, அதோடு நிறுத்தியிருந்தாலும் போதும். டீச்சர் பகுதி சிலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. தார் சுமக்கிற பையனுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் வேறு ஒரு உலகம் இருக்கத்தானே வேண்டும்.

என் அம்மாவிடம் இந்தப் படத்தை இன்னும் காட்டவில்லை.

மதுரைக்காரி
பொருநை அண்ணாச்சி, காட்டாதீர்கள். அல்லது நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது காட்டுங்கள்.

டீக்கடைராசு
இதற்குமேல் நான் என்ன ஜோக் அடிப்பது. பாரம் கொஞ்சம் குறையட்டும், யாராவது சிரிக்கிற படமாகச் சொல்லுங்கப்பா. மகாராஜாவை 1.5 வேகத்தில் பார்த்துவிட்டு எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்றே புரியாமல், அந்தக் குப்பைத் தொட்டி லட்சுமியைக் கடைசிவரை ஒரு பெண் என்று நினைத்துக்கொண்டிருந்த கதையை வேண்டுமானால் சொல்கிறேன்.

கடைசிவரிசை
அண்ணே, அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

யாழ்தேவி
நான் டூரிஸ்ட் ஃபேமிலி பற்றி எழுதலாமா? பிந்தித்தான் பார்த்தேன், பிள்ளைகளோடு. நாங்கள் இப்ப கனடாவில். ஊர் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரி.

சிரிக்கலாம், ராசு அண்ணா, பயப்படாமல் பாருங்கோ. 2025 மே மாதம் வந்தது. போருக்குத் தப்பி வாற குடும்பம் இல்லை, இலங்கையில் விலைவாசி தாங்காமல் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்குகிற குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பெடியன்களும். வந்த உடனே யோகி பாபு சொல்லிக் குடுக்கிற முதல் பாடம், வாயைத் திறக்கக் கூடாது, கேட்டால் கேரளா எண்டு சொல்லவேணும். தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் கொஞ்சக் காலம் வளசரவாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கடைக்கு அனுப்ப முதல் அம்மா வாசலில் நிறுத்திப் பாடம் கேட்பா. சவர்க்காரம் இல்லை, சோப்பு. பாண் இல்லை, பிரெட். சீனி இல்லை, சர்க்கரை. எங்கை இருந்து வந்தனீ எண்டு கேட்டால் திருச்சி. ஒரு நாள் கடை வாசல் வரைக்கும் "சோப்பு, சோப்பு" எண்டு சொல்லிக்கொண்டு போய், கடைக்காரரைக் கண்டதும் "சவர்க்காரம் ஒண்டு தாங்கோ" எண்டிட்டன். அந்த மனிசன் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு பாப்பா?" "திருச்சி." ஒன்றும் சொல்லாமல் சோப்பை எடுத்துத் தாளில் சுற்றித் தந்துவிட்டு, "திருச்சில இதுக்குப் பேரு சோப்பு" எண்டு மெல்லமாகச் சொன்னார். அம்மாவுக்கு நான் இதை இருபது வருசம் சொல்லவில்லை.

படத்தில் குறை எண்டால், எல்லாரும் கடைசியில் நல்லவர்களாகி விடுகிறார்கள். தெரு முழுக்க ஒரு குடும்பத்தின் அன்பில் திருந்துவது இனிப்புக் கொஞ்சம் கூடத்தான். சசிகுமார் கதைப்பதும் சில இடத்தில் எங்கட மாதிரி இருக்கு, சில இடத்தில் மதுரைக்கே போய்விடுது. ஆனால் தெருவில் இருந்த ஒரு வயசான அம்மா இறந்துபோக, அக்கம்பக்கத்தைக் கூட்டி அந்த மனிசன் செத்தவீடு நடத்துகிற இடம் அப்படியே எங்கட ஊர்தான். செத்தவீட்டுக்கு அழைப்பு வேண்டாம் எங்களுக்கு.

மதுரைக்காரி
சசிகுமாரை மதுரையிடமிருந்து பிரிக்க முடியாது அக்கா, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. அந்தக் கடைக்காரரை நினைத்து நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெட்டாறு
"திருச்சில இதுக்குப் பேரு சோப்பு." இந்த வருஷம் நான் கேட்ட சிறந்த வசனம் எந்தப் படத்திலும் இல்லை.

டீக்கடைராசு
எச்சரிக்கை: முடிவு இல்லாத படத்தின் முடிவு கீழே இருக்கிறது. நெறியாளர் திருப்தியா?

நேற்றுக் கடைக்கு லீவு. என் மருமகனின் ஹெட்செட்டை வாங்கி கொட்டுக்காளியை மறுபடி போட்டேன், சாதாரண வேகத்தில். ஒரு காதில் நான், இன்னொரு காதில் வீட்டுக்காரம்மா. இசை இல்லாத படத்துக்கு அதுவே தாராளம்.

தொடக்கத்தில் காலில் கல்லைக் கட்டி ஒரு சேவலை விட்டிருக்கிறார்கள், போன தடவை 1.5இல் அது எனக்கு வெறும் கோழியாகத்தான் கண்ணில் பட்டது. இழுத்து இழுத்துப் பார்க்கிறது, முடியவில்லை. வழியில் ஒரு காளை ரோட்டை மறித்து நிற்கிறது, மீசை வைத்த அத்தனை ஆம்பளையும் வண்டியோடு நிற்கிறான், ஒரு பொடிப்பிள்ளை வந்து ஓட்டிக்கொண்டு போகிறது. வீட்டுக்காரம்மா அதில்தான் முதல் தடவை சிரித்தார்.

கடைசியில், அந்தச் சாமியார் வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டுகிறேன் என்று தொட்டுத் தடவுவதை சூரி பார்த்துக்கொண்டு நிற்கிறார் அல்லவா? வீட்டுக்காரம்மா, "அவன் திரும்பிக் கூட்டிட்டுப் போயிருப்பான், கண்ணைப் பாருங்க" என்றார். நான், "அத்தனை பேரைக் கூட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தவன் திரும்ப மாட்டான், மானம் போயிரும்" என்றேன். "அப்ப நீங்களா இருந்தா?" என்றார். நான் ஏன் வாயைக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. காலையில் டீ வரவில்லை. டீக்கடைக்காரனுக்கே டீ வரவில்லை.

முடிவு சொல்லாததற்கு என் புகார் அப்படியே இருக்கிறது. இப்போது இன்னும் வலுவாக இருக்கிறது.

கடைசிவரிசை
சைக்கிள் ஸ்டாண்டில் நாங்கள் ஆறேழு பேர் ஆண்கள். எல்லாருமே "திரும்ப மாட்டான்" பக்கம்தான் இருந்தோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

யாழ்தேவி
நான் உங்கட வீட்டம்மா பக்கம்.

பொருநை
திரும்ப மாட்டான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டாறு
வெள்ளிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் ஜமா பார்த்துவிட வேண்டும், தெருக்கூத்தைப் பற்றியது, பெண் வேடம் கட்டுகிறவனின் கதை என்றார்கள். யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

நேற்று மாலை அப்பா தானாகவே வந்து, "அந்த தஞ்சாவூர்ப் படத்தைப் போடு, வீடு வர்ற இடம் மட்டும்" என்றார். போட்டேன். இந்த முறை எழுந்திருக்கவில்லை. ரிமோட்டை வாங்கி, எந்தப் பொத்தான் என்று கேட்டு, தானே நிறுத்தினார். திரைக்குக் கிட்டே போய்க் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "நம்ம திண்ணை இதைவிட ஒரு முழம் அகலம்" என்றார்.